ஒரு கண், ஒரு சங்கிலி, 20 ஆண்டுகள்: இந்தியாவை அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்டன் யார்?

போனில் மேப்பைத் திறந்து ‘பிரம்மதேசம்’ என்று தட்டிப் பாருங்கள். எந்த பிரம்மதேசம் என்ற குழப்பம் உடனே வரும். விழுப்புரம் மாவட்டத்திலேயே இரண்டு இருக்கின்றன. ஒன்று, எண்ணாயிரம் பக்கத்தில், சோழர் காலக் கோயில்களோடு இருக்கும் பிரம்மதேசம். இன்னொன்று, திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் இருப்பது. செய்யாறு பக்கம் ஒன்று, நெல்லைச் சீமையில் அம்பாசமுத்திரம் அருகே ஒன்று என்று பட்டியல் இன்னும் நீளும். அந்தணர்களுக்குக் கொடையாக விட்ட ஊருக்குப் பிரம்மதேயம் என்று பெயர். அப்படிப் பல ஊர்கள் இருந்ததால் பெயரும் பல இடத்தில் ஒட்டிக்கொண்டது.

பெயர் ஒன்றாக இருந்தாலும் போன் நம்மைச் சரியான ஊருக்குத்தான் கூட்டிப் போகிறது. ஏன்னா, அதற்குப் பெயர் முக்கியமில்லை. ஒவ்வொரு ஊருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. பூமியில் வேறு எந்த இடத்துக்கும் அதே ஜோடி எண்கள் கிடையாது.

இந்த எண்களை நம் மண்ணில் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் வேலையை 1802-ல் சென்னையில் ஆரம்பித்தவர் வில்லியம் லாம்டன். எவரெஸ்ட் என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த எவரெஸ்ட்டுக்கு முதலாளியாக இருந்தவரைப் பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவில் நடந்தது, இங்கே நடந்தது

அமெரிக்க வரலாறு படித்தவர்களுக்கு லூயிஸ், கிளார்க் என்ற இரண்டு பெயர்கள் ஞாபகம் இருக்கும். 1803-ல் பிரான்ஸிடமிருந்து லூசியானா என்ற மிகப் பெரிய நிலப்பரப்பை அமெரிக்கா விலைக்கு வாங்கியது. வாங்கிய நிலத்தில் என்ன இருக்கிறது என்று வாங்கியவர்களுக்கே தெரியாது. அதைப் பார்த்துவர அதிபர் ஜெஃபர்சன் அனுப்பிய குழுதான் அது. 1804 மே மாதம் கிளம்பி, மிசௌரி ஆற்றை ஒட்டி மேற்கே போய், 1805 நவம்பரில் பசிபிக் கடலைப் பார்த்து, 1806 செப்டம்பரில் திரும்பி வந்தது.

கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் தென்னிந்தியாவிலும் ஒரு குழு வங்கக் கடலோரத்திலிருந்து கிளம்பி மேற்குக் கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பின்னணியும் ஏறக்குறைய அதேதான். 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். 1801-ல் ஆற்காடு நவாபின் நிலம் கம்பெனி கைக்கு வந்தது. இன்றைய திண்டிவனம், விழுப்புரம் வட்டாரமும் அதில் அடக்கம். சில ஆண்டுகளுக்குள் இவ்வளவு பெரிய நிலம் கிடைத்துவிட்டது. ஆனால், அதன் சரியான வரைபடம் கம்பெனியிடம் இல்லை.

இரண்டு குழுக்களும் வேலை செய்த விதம்தான் வேறு. லூயிஸ், கிளார்க் குழு ஆற்று வழியே போனது. திசைகாட்டியை வைத்தும், தூரத்தைக் கண்ணால் கணித்தும், நட்சத்திரங்களைப் பார்த்தும் வரைபடம் போட்டது. லாம்டனோ, மலை உச்சிக்கு மலை உச்சி கோணம் அளந்து நகர்ந்தார். அவர்கள் இரண்டரை ஆண்டுகளுக்குள் வீடு திரும்பிவிட்டார்கள். லாம்டன் திரும்பவே இல்லை.

யார்க்‌ஷயர் டூ மெட்ராஸ், வழி: அமெரிக்கா

லாம்டன் பிறந்தது 1750-களில், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், வசதியில்லாத விவசாயக் குடும்பத்தில். கணக்கு நன்றாக வந்தது. அதுதான் அவருடைய ஒரே சொத்து. 1781-ல் ராணுவத்தில் கீழ்நிலை அதிகாரியாகச் சேர்ந்தார். அமெரிக்க விடுதலைப் போர் முடிகிற காலம் அது. பிரிட்டன் தோற்றது. அதன் கையில் எஞ்சிய வட அமெரிக்கப் பகுதியில், இன்று கனடாவில் இருக்கும் நியூ பிரன்ஸ்விக்கில், குடியேற வந்தவர்களுக்கு நிலம் அளந்து கொடுக்கும் வேலை லாம்டனுக்குக் கிடைத்தது. ஆக, அவர் நில அளவை பழகியதே அமெரிக்கக் காட்டு எல்லையில்தான்.

அங்கேயே ராணுவக் குடியிருப்புகளைக் கவனிக்கும் சாதாரண உத்தியோகத்தில் 10 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. மாலை நேரங்களில் கணிதமும் வானியலும் படித்தார். சூரிய கிரகணத்தைப் பார்க்கப்போய் ஒரு கண்ணில் பார்வை போனது. மீதி வாழ்க்கை முழுக்க தொலைநோக்கி வழியாகத் தொலைவில் இருக்கும் கொடியைப் பார்ப்பதே தொழில். அதை ஒற்றைக் கண்ணோடுதான் செய்தார்.

1790-களின் பிற்பகுதியில் அவருடைய 33-வது படைப்பிரிவு இந்தியா வந்தது. அதன் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் இவர்தான். அவருடைய அண்ணன் ரிச்சர்ட் வெல்லெஸ்லி கவர்னர் ஜெனரல். இந்த அறிமுகம் லாம்டனுக்குப் பின்னால் கைகொடுத்தது.

நட்சத்திரம் சொன்ன திசை

1799 ஸ்ரீரங்கப்பட்டணம் போரின்போது நடந்த சம்பவம் ஒன்று. ஜெனரல் பேர்டு தலைமையில் ஒரு படை இரவில் வேலையை முடித்துவிட்டு முகாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கூடப் போன லாம்டன் வானத்தைப் பார்த்தார். வடக்கே போக வேண்டிய படை தெற்கே போய்க்கொண்டிருந்தது. அப்படியே போனால் திப்புவின் படை நடுவில்தான் போய் நிற்க வேண்டும். ஜெனரலிடம் சொன்னார். நட்சத்திரத்தைப் பார்த்து வழி சொல்ல ஆள் தேவையில்லை என்கிற மாதிரி ஜெனரல் முறைத்தார். பிறகு திசைகாட்டியை எடுத்துப் பார்த்தபோது லாம்டன் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. படை திரும்பியது.

போர் முடிந்ததும் லாம்டன் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை தீபகற்பத்தை முக்கோணங்களால் அளக்கலாம் என்பதுதான் அது. வெல்லெஸ்லி சகோதரர்கள் ஆதரித்தார்கள். அப்போதைய மெட்ராஸ் கவர்னர் எட்வர்டு கிளைவ் அனுமதி கொடுத்தார்.

அரசு அவரிடம் எதிர்பார்த்தது நல்ல வரைபடம். லாம்டன் மனதில் இருந்தது அதைவிடப் பெரிய கேள்வி: பூமியின் சரியான வடிவம் என்ன? பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டையானது என்று அப்போதே தெரியும். எவ்வளவு தட்டை என்பதுதான் தெரியாது. அதற்குப் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஒரு பாகை எவ்வளவு நீளம் என்று அளக்க வேண்டும். தமிழ்நாடு அதற்குத் தோதான இடம். வரைபடத்துக்காக வந்த பணத்தில் இந்த வேலையையும் சேர்த்தே செய்யத் திட்டமிட்டார்.

முக்கோணத்தில் அப்படி என்ன இருக்கு?

பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் போதும், மற்ற இரண்டு பக்கங்களையும் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். அந்தப் பக்கங்களை வைத்து அடுத்த முக்கோணம், அதை வைத்து அதற்கடுத்தது என்று நாடு முழுக்கப் போகலாம். காடு, ஆறு, பள்ளம் எதுவும் தடை இல்லை. ஒரு உச்சியிலிருந்து அடுத்த உச்சி கண்ணுக்குத் தெரிந்தால் சரி.

ஆனால், முதல் முக்கோணத்தின் முதல் பக்கத்தைத் தரையில் கையால் அளந்தே ஆக வேண்டும். அதில் தப்பு நடந்தால் அது எல்லா முக்கோணத்துக்கும் பரவும். இந்தப் பக்கத்தை அடிக்கோடு என்பார்கள்.

லாம்டன் தேர்ந்தெடுத்த இடம் பரங்கிமலை. அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் பக்கம் வரை, சுமார் 12 கிலோமீட்டர். இன்று ஐ.டி. ஊழியர்கள் டிராஃபிக்கில் தினமும் ஊர்ந்து போகும் பகுதிதான். 1802 ஏப்ரல் 10-ல் அளவு தொடங்கியது. கையில் இருந்தது 100 அடி நீள எஃகுச் சங்கிலி. அந்தச் சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போன பிரிட்டிஷ் தூதுக்குழு கொண்டுபோன கருவிகளில் ஒன்று அது. பேரரசர் அதைச் சட்டை செய்யவில்லை. கல்கத்தா வழியாகச் சுற்றி லாம்டன் கைக்கு வந்தது.

12 கிலோமீட்டருக்கு அந்தச் சங்கிலியை 400 தடவை எடுத்து எடுத்து வைக்க வேண்டும். சங்கிலியைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. மரப் பெட்டிகளில் வைத்து, முக்காலிகளின் மேல் மட்டம் பார்த்து நிறுத்தினார்கள். வெயிலில் எஃகு விரியும் என்பதால் நிழல் கொடுத்து, தெர்மாமீட்டர் வைத்து, வெப்பத்துக்கு ஏற்ப நீளத்தைத் திருத்தினார்கள். சென்னையின் ஏப்ரல், மே வெயிலில் இந்த வேலை நடந்தது. கடைசியில் வந்த நீளம் 40,006 அடிக்குக் கொஞ்சம் கூடுதல். தசமப் புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் வரை எழுதி வைத்தார் லாம்டன்.

விழுப்புரம் வட்டாரம் இதில் எங்கே வருகிறது?

அடுத்து கோணம் அளக்கும் கருவி வேண்டும். தியோடலைட் என்று பெயர். லண்டனில் செய்யச் சொல்லியிருந்த பெரிய தியோடலைட்டின் எடை சுமார் அரை டன். அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் வழியில் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது ஆயுதமில்லை, அறிவியல் கருவி என்று தெரிந்தது. எதிரி நாடாக இருந்தும் அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் அதை மரியாதையோடு மெட்ராஸுக்கே அனுப்பிவைத்தார்.

கருவி வந்ததும் லாம்டனின் முக்கோணங்கள் சென்னையிலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே கடலூர் நோக்கி இறங்கின. செங்கல்பட்டு தாண்டி, இன்றைய திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தைக் கடந்துதான் போயாக வேண்டும். இந்தப் பக்கத்தில் பயணித்தவர்களுக்குத் தெரியும், தரை தட்டையாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று பெருமுக்கல், மயிலம் மாதிரி ஒரு குன்று எழுந்து நிற்கும். முக்கோண அளவைக்காரருக்கு இதைவிட நல்ல நிலம் கிடைக்காது.

கடலூர் அருகே இருக்கும் திருவந்திபுரத்தில் நின்று நட்சத்திரங்களின் உயரத்தை அளந்தார் லாம்டன். சென்னைக்கு வடக்கே இன்னொரு இடத்திலும் அதேபோல் அளந்தார். இரண்டு இடங்களுக்கும் நடுவே சுமார் ஒன்றரைப் பாகை. திண்டிவனம், விழுப்புரம், இரண்டு பிரம்மதேசங்கள் எல்லாம் அந்த ஒன்றரைப் பாகைக்குள் அடங்கும். வானத்தில் கிடைத்தது கோணம், தரையில் முக்கோணங்கள் கொடுத்தது தூரம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், இந்த இடத்தில் பூமியின் ஒரு பாகை எவ்வளவு நீளம் என்று வந்துவிடும். சுமார் 110.6 கிலோமீட்டர் வந்தது. இன்றைய கணக்கும் அதேதான்.

இந்த மண்ணுக்கு நில அளவை புதிது ஒன்றுமில்லை. சோழர்கள் கோல் கொண்டு நிலம் அளந்தார்கள். பெண் யானையை நடத்தி ஊர் எல்லை வகுத்ததைச் செப்பேடுகள் சொல்கின்றன. ஏரி, வாய்க்கால், பக்கத்து ஊர் நிலம் என்று நான்கு பக்க எல்லையையும் எழுதி வைத்தார்கள். ஆனால், அந்த எல்லைகள் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை வைத்துச் சொல்லப்பட்டவை. வாய்க்கால் திசை மாறினால் சண்டை வரும். லாம்டன் கொண்டுவந்த முறையில் வாய்க்கால் காணாமல் போனாலும் இடத்தின் எண் மாறாது.

காணாமல் போன 40 மைல்

கடலூர் வேலை முடிந்ததும் முக்கோணங்கள் மேற்கே திரும்பின. 1804-ல் பெங்களூர். அங்கே லாம்டன் தன்னைத்தானே சோதித்துக்கொண்டார். இன்னொரு அடிக்கோட்டைத் தரையில் அளந்தார். சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வந்த கணக்குப்படி அதன் நீளம் எவ்வளவு இருக்க வேண்டுமோ, அதோடு ஒப்பிட்டார். 11 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள கோட்டில் வித்தியாசம் சுமார் நான்கு அங்குலம்தான். நம் உள்ளங்கை அகலம்!

அங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி அரபிக் கடலோரம். பழைய வரைபடங்களில் சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே சுமார் 400 மைல் இருந்தது. லாம்டன் அளந்தபோது 360 மைல்தான் வந்தது. போர் தொடுத்துப் பிடித்த நாட்டில் 40 மைல் ‘காணாமல்’ போய்விட்டது.

இவ்வளவு துல்லியம் தேவையா என்ற கேள்வி அரசாங்கத்துக்குள்ளேயே எழுந்தது. செலவை மேற்பார்த்த அதிகாரி ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போக வேண்டுமென்றால் பல்லக்குத் தூக்குபவர்களைக் கேட்டால் வழி தெரியும், இதற்குப் போய் இவ்வளவு செலவா என்கிற மாதிரி கிண்டல் செய்தார். கேட்பதற்கு நியாயமாகத்தான் படும். லாம்டன் அளந்தது வழியை அல்ல, இடத்தை என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

தஞ்சையில் அறுந்த கயிறு

பிறகு 78 பாகை தீர்க்கரேகையை ஒட்டி, தெற்கே கன்னியாகுமரி வரை ஒரு நீண்ட முக்கோணச் சங்கிலி. இதுதான் பின்னாளில் ‘மாபெரும் வில்’ என்று பெயர் பெற்றது. காவிரிப் படுகைப் பக்கம் போனபோது ஒரு சிக்கல் வந்தது. அங்கே ஏறி நிற்கக் குன்று கிடையாது. இருக்கும் உயரம் எல்லாம் கோயில் கோபுரங்கள்தான். லாம்டன் கோபுரங்களில் ஏறினார்.

1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அந்த அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதியில் ஒரு கயிறு அறுந்தது. கருவி விமானச் சுவரில் மோதியது. கோணம் காட்டும் வட்டத் தகடு வளைந்துவிட்டது. இன்னொன்று வேண்டுமென்றால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டும், ஆண்டுக்கணக்கில் ஆகும். வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார். ஆறு வாரம். கருவியைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதே கருவியோடு அளவை தொடர்ந்தது.

பெயர் இல்லாதவர்கள்

லாம்டன் தனியாக நடந்தவரில்லை. அந்தக் கருவியைக் குன்று குன்றாகத் தூக்கிப்போனவர்கள், பார்வையை மறைத்த மரங்களை வெட்டியவர்கள், தூரத்து உச்சியில் நாள் கணக்கில் கொடி பிடித்து நின்றவர்கள் எல்லாம் நம் ஊர் ஆட்கள். புலி, பாம்பு, காய்ச்சல் எல்லாம் அவர்களுக்குத்தான் முதலில். கிருஷ்ணா, கோதாவரிக் காடுகளில் 1819-ல் காய்ச்சல் பரவியபோது குழுவில் பெரும்பாலோர் படுத்துவிட்டார்கள், சிலர் இறந்தார்கள். லாம்டனின் அறிக்கைகளில் அங்குலத்தின் பின்னங்கள்கூடப் பதிவாகியிருக்கின்றன. இவர்களில் மிகப் பலரின் பெயர்கள் பதிவாகவில்லை.

ஊர்க்காரர்கள் சந்தேகப்பட்டதும் இயல்புதான். யாரோ வெள்ளைக்காரர் மலை மேல் ஏறித் தொலைநோக்கியால் ஊரைப் பார்க்கிறார், கொடி நடுகிறார் என்றால், அடுத்து வருவது படையா, வரியா என்றுதானே கேட்பார்கள்? அந்தச் சந்தேகம் பொய்யும் இல்லை. நல்ல வரைபடம் இருந்தால் படை நகர்வதும் வரி வசூலிப்பதும் சுலபம். லாம்டனுக்குப் பூமியின் வடிவம் மேல் காதல் என்றாலும், அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு. இரண்டும் ஒரே சங்கிலியின் இரண்டு முனைகள்.

முடியாத வேலை

1817-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1818-ல் இந்த வேலைக்கு ‘மாபெரும் முக்கோணவியல் அளவை’ என்று பெயர் வைத்து, கவர்னர் ஜெனரலின் நேரடிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். தலைமை உதவியாளராக வந்த இளைஞர்தான் ஜார்ஜ் எவரெஸ்ட். அதற்குள் லாம்டன் அளந்து முடித்திருந்த பரப்பு மலைக்க வைக்கும். அவர் காலத்தில் முடிந்த மொத்த அளவு சுமார் 1,65,000 சதுர மைல். இன்றைய தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம்.

1823 ஜனவரி 20. ஹைதராபாத்திலிருந்து நாக்பூர் போகும் வழியில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் லாம்டன் இறந்தார். வயது 70-ஐ ஒட்டி இருக்கும். அப்போதும் வேலையில்தான் இருந்தார். அங்கேயே புதைத்தார்கள்.

மாபெரும் வில் அப்போது பாதி வழியில்தான் நின்றது. அதை எவரெஸ்ட் எடுத்து, இமயமலை அடிவாரம் வரை, மொத்தம் சுமார் 2,400 கிலோமீட்டருக்குக் கொண்டுபோய் முடித்தார். அந்த முக்கோணங்கள் இமயத்தைத் தொட்ட பிறகுதான் சிகரங்களின் உயரத்தைத் தூரத்திலிருந்தே கணக்கிட முடிந்தது. 1850-களில், 15-வது சிகரம் என்று குறித்து வைத்திருந்த மலைதான் உலகிலேயே உயரமானது என்று தெரிந்தது. கணக்குப் போட்டவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். மலைக்கு வைத்த பெயர் எவரெஸ்ட். பரங்கிமலையில் சங்கிலி பிடித்தவரின் பெயரும் அதில் இல்லை, கணக்குப் போட்டவரின் பெயரும் இல்லை.

சரி, பாதியில் இறந்தவரின் வேலை எப்படிப் பாழாகாமல் போனது? பெங்களூரில் அவர் செய்த சோதனையில் பதில் இருக்கிறது. ஒவ்வொரு அளவையும் இன்னொருவர் சரிபார்க்கும்படி, தவறு எவ்வளவு என்பதையும் சேர்த்தே எழுதி வைத்தார். அதனால்தான் அவரை நேரில் பார்த்திராத ஆட்கள்கூட, அவர் விட்ட உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்குக் கோணம் அளக்க முடிந்தது. தன் காலத்துக்குள் முடியாது என்று தெரிந்த வேலையைத்தான் அவர் நான்கு தசம இலக்கம் வரை சுத்தமாகச் செய்தார்.

இன்று செயற்கைக்கோள்கள் அந்த வேலையைச் சில நொடிகளில் செய்கின்றன. அடுத்த முறை திண்டிவனம் பக்கம் போகும்போது, சமவெளி நடுவே தனியாக நிற்கும் ஒரு குன்றைப் பாருங்கள். அந்த மாதிரி உச்சிகளில்தான் யாரோ ஒருவர் வெயிலில் கொடி பிடித்து நின்றார், பல கிலோமீட்டர் தள்ளி ஒற்றைக் கண் ஒன்று அதைத் தேடிக்கொண்டிருந்தது.